சிறு சுரப்பியும் இயந்திரக் கையும்

இரத்த அழுத்தம் உயர்வதற்குப் பலரிடம் தனிக் காரணம் புலப்படுவதில்லை. ஆயினும் சிலரிடம் அண்ணீரகச் சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியே அதற்கு மூலமாகிறது. சிறுநீரகங்களின் மேற்புறத்தில் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த இச்சுரப்பி ஏறத்தாழ 5 கிராம் எடையே உடையது. அட்ரினலின், கார்டிசால், அல்டோஸ்டிரோன் முதலியவை இதில் ஊறுகின்றன. கட்டியால் இவற்றுள் ஒன்று மிகுந்தால் அழுத்தம் மருந்துக்கு அடங்காது போகலாம், தசை தளரலாம், நெஞ்சு படபடக்கலாம். அத்தகையோர் பலருக்கு அச்சுரப்பியை அகற்றுவதே தீர்வாகும்.

இரு முறைகள்

முற்காலத்தில் உடலை நீளக் கீறியே இதனை அகற்றினர். 1992ஆம் ஆண்டில் கனடாவின் மருத்துவர் மிஷேல் கான்யே, லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றியதை உலகிற்கு அறிவித்தார். இதில் மூன்று அல்லது நான்கு சிறு துளைகள் இடுவர். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுக்குள் இடம் உண்டாக்குவர். கேமராவையும் நீண்ட கருவிகளையும் துளைவழியே நுழைப்பர்.

ரோபோ முறையிலும் துளைகளே இடப்படுகின்றன. ஆனால் கருவிகளை இயந்திரக் கைகள் தாங்குகின்றன. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்து அவற்றை இயக்குகிறார். கருவியின் நுனி மணிக்கட்டைப்போல் வளையும். இயந்திரம் தானாக எதனையும் வெட்டுவதில்லை. கோலாலம்பூர் மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் 2004ஆம் ஆண்டு ரோபோ அறுவை தொடங்கியது.

எது மேலானது?

இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், சிக்கல்கள் பெரிதும் வேறுபடவில்லை. ரோபோ முறையில் இரத்த இழப்பு சற்றுக் குறையலாம். கட்டி பெரிதாயினும் நோயாளி பருமனாயினும் அது மருத்துவருக்கு உதவலாம். ஆனால் செலவு மிகுதி. நேரமும் பெரும்பாலும் கூடும். வலப்புறச் சுரப்பியின் சிரை மிகக் குட்டையானது. நேரே பெருஞ்சிரையில் சேர்வது. அங்கே காப்பது மருத்துவரின் பயிற்சியே. கத்தி புதியதாயினும், மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுவது வெட்டுபவரின் கையன்றோ?

ஆகவே, ரோபோ வேண்டுமென்று நகையை அடகு வைக்கவோ கடன்படவோ வேண்டியதில்லை. "எனக்கு எம்முறை ஏற்றது? ஏன்?" என மருத்துவரிடம் தயங்காது கேட்போமாக.

நினைவிற் கொள்ள

1. அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்க. மூன்று மருந்துகளுக்கும் அடங்காவிடில், சுரப்பிச் சோதனை தேவையா எனக் கேட்க.
2. அட்ரினலின் மிகும் கட்டியாயின், அறுவைக்கு முன்னரே அழுத்தத்தை அடக்கும் மருந்தை உண்டாக வேண்டும்.
3. கார்டிசால் மிகுந்திருந்தவருக்கு எஞ்சிய சுரப்பி விழித்தெழப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை தரப்படும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.