காஸ் எங்கே போனது?

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் ஆட்களிடம் கார் ஏசி வேலை செய்யவில்லை என்றால், "காஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சுவிட்டால் சரி" என்பதுதான் முதல் பதில். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஏசி காஸ் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வருடக்கணக்கில் சிறிது கசிவது இயல்புதான். ஆனால் போன கோடையில் ஜில்லென்று இருந்த ஏசி இந்தக் கோடையில் வெறுங்காற்று அடித்தால், எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அல்லது பழுது காஸிலேயே இல்லை.

2022 ஜூலை 19ஆம் தேதி ஹீத்ரோவில் வெப்பம் 40.2 பாகையைத் தொட்டது. வயதான அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிங்ஸ்பரி சர்க்கிள் நெரிசலில் நிற்கிறவருக்கு ஏசி ஆடம்பரம் அல்ல.

என் காரில் குளிர் நின்றபோது, கராஜ் ஒன்றில் "அரை மணித்தியாலம்தான் அண்ணை, காஸ் அடிச்சு விடுறன்" என்றார்கள். "கசிவு பாப்பியளோ?" என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து நானே பொனட்டைத் திறந்தேன்.

என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்துக் காதுகொடுங்கள். கம்ப்ரசரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஃபியூஸ், ரிலே பாருங்கள். காஸ் குறைந்தாலும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். பல புதிய கார்களில் கிளட்சே இல்லை, அவற்றில் இந்தச் சத்தம் வராது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் முன்விசிறியைச் சந்தேகிக்கலாம். காற்றே மெதுவாக வந்தால் உள்ளே இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும். அதை மாற்றப் பெரிய செலவில்லை. விசிறி திடீரென்று சுழலத் தொடங்கும், கையையும் சால்வையையும் தள்ளியே வையுங்கள்.

என் காரில் 'டக்' வரவில்லை. ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. என்ஜினை நிறுத்தி, முன் கிரில் வழியே டோர்ச் அடித்தேன். காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ் மூலையில் ஒரு நாணயமளவு எண்ணெய்க் கசிவு, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. பக்கத்திலேயே அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தன. குளிர்காலத்தில் வீதியில் தூவுகிற உப்பு நேராக மோதுகிற இடம் அது. காஸோடு எண்ணெயும் சுற்றுவதால், காஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசியும்.

இன்னொரு கராஜில் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை பூசினார்கள். அதே மூலையில் குமிழி வந்தது. கண்டென்சரையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, வெற்றிடம் இழுத்த பிறகுதான் காஸ் நிரப்பினார்கள்.

காஸ் வேலையில் மட்டும் நீங்கள் கைவைக்காதீர்கள். இங்கே அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2017இலிருந்து வந்த புதுக் கார்களில் பெரும்பாலும் ஆர்1234ஒய்எஃப் என்ற காஸ்; பழையவற்றில் ஆர்134ஏ. முதலாவது விலை கூட. எது, எத்தனை கிராம் என்பது பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும்.

குளிர்காலத்திலும் ஏசியை இடைக்கிடை ஓடவிடுங்கள். சீல்கள் காயாது, கண்ணாடிப் புகாரும் சீக்கிரம் விலகும்.

காஸ் நிரப்பினால் மெஷின் அச்சிடும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வெளியே எடுத்தது, எவ்வளவு உள்ளே விட்டது என்று அதில் இருக்கும். 500 கிராம் பிடிக்கும் காரிலிருந்து 480 வெளியே வந்திருந்தால், பழுது காஸில் இல்லை. வேறு இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.