வயற் சேற்றிலிருந்து வரும் நுரையீரல் நோய்

வரம்பு கட்டுதல், நாற்று நடுதல், களை பிடுங்குதல் முதலிய நெற்செய்கை வேலைகள் பெரும்பாலும் சேற்றிலும் நீரிலும் நின்றே செய்யப்படுகின்றன. இவ்வேலையிடத்தின் தன்மையே மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய நோய்க்கு வழியாகலாம். காலந் தாழ்த்தாது அறியப்படின் இதனைக் குணமாக்கலாம். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து நேரிடும்.

நோயின் காரணம்

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாவே இந்நோயை உண்டாக்குகின்றது. 1911 ஆம் ஆண்டில் இராங்கூன் நகரில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர் இதனை முதன்முதலாகக் கண்டறிந்தனர். இலங்கையில் முதல் நோயாளி பற்றி 1927 இல் அறிவிக்கப்பட்டது. எனினும், இந்நோய் நாட்டின் பல பகுதிகளிலும் உள்ளதென்பது 2000 ஆம் ஆண்டின் பின்னரே நன்கு தெளிவாயிற்று.

உடலிற் புகும் விதம்

கை கால்களிலுள்ள வெட்டுக்காயம், பித்தவெடிப்பு, புண் ஆகியவற்றின் ஊடாகக் கிருமி உட்புகும். கடும் மழையும் காற்றும் உள்ளபோது நுண்ணிய நீர்த்துளிகளுடன் சுவாசத்தின் வழியாகவும், சுத்திகரிக்கப்படாத நீரைப் பருகுவதாலும் அது உடலை அடையலாம். ஆகையால் மழை காலத்திலேயே நோயாளர் தொகை மிகுகின்றது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவது மிக அரிது.

சேற்றில் இறங்கும் யாவரும் நோயுறுவதில்லை. சலரோகம், சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், தலசீமியா உடையோரும் மதுபானம் மிகுதியாக அருந்துவோருமே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றனர். இவர்களுள் சலரோகிகள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

நோயின் அறிகுறிகள்

ஏறக்குறைய அரைவாசி நோயாளரில் இது நியுமோனியாவாகத் தோன்றுகின்றது. காய்ச்சல், இருமல், நெஞ்சு நோ, மூச்சுத் திணறல் ஆகியன காணப்படும். சிலரில் காய்ச்சலும் உடல் மெலிவும் பல வாரங்கள் நீடிப்பதால், சயரோகம் எனத் தவறாகக் கருதப்படுவதுமுண்டு. தோலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் உண்டாகலாம்.

தற்காப்பு முறைகள்

1. சேற்றில் இறங்குமுன் கை கால்களைப் பார்த்து, காயங்களை நீர் புகாதவாறு மூடுதல் வேண்டும். ஆறாத புண்ணுடைய சலரோகிகள் சேற்று வேலையைத் தவிர்த்தல் நன்று.

2. இயன்றவரை முழங்கால் வரையுள்ள இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணிதல் வேண்டும்.

3. கடும் மழையும் காற்றும் உள்ளபோது வேலையை நிறுத்தி ஒதுங்குதல் வேண்டும்.

4. வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீரிற் கழுவுதல் வேண்டும். வாய்க்கால் நீரிற் கழுவுவது போதாது.

5. கொதித்தாறிய நீரையே வயலுக்குக் கொண்டுசென்று பருகுதல் வேண்டும்.

வைத்தியரிடம் கூறவேண்டியது

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. சாதாரண நியுமோனியாவுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பல இக்கிருமியை அழிப்பதில்லை. ஆதலால், காய்ச்சலோடு வைத்தியசாலைக்குச் செல்லும் கமக்காரர், தாம் வயலில் வேலை செய்வதையும், சலரோகம் இருப்பின் அதனையும் கேளாமலே கூறுதல் வேண்டும். அதனைக் கொண்டே வைத்தியர் இரத்தத்தையும் சளியையும் இந்நோய்க்கெனப் பரிசோதிப்பிக்க முற்படுவர். முதலில் ஊசி மூலம் இரண்டு வாரங்களளவிலும், பின்னர் வாய் மூலம் மூன்று மாதங்களளவிலும் மருந்து கொடுக்கப்படும். காய்ச்சல் தணிந்ததென்று மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தோன்றலாம்.