கணக்கில் வராத கண்காணிப்பு

இல்லத்தில் சமைப்பதும் துவைப்பதும் குழந்தைகளைப் பேணுவதும் உழைப்பே எனினும், இவற்றின் மதிப்பு நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இப்பணிகளுடன் அண்மைக் காலத்தில் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. குழந்தை கைபேசியில் எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கண்காணிக்கும் பணியே அது.

அளவீடும் அதன் எல்லையும்

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிட்டனர். குடும்பத்தினரைப் பேணும் பணியில் ஈடுபட்டோரிடையே இது முறையே 137, 75 நிமிடங்களாகும்.

எனினும், திரைக் கண்காணிப்பு இவ்வளவீட்டில் முழுமையாக அடங்குவதில்லை. ஆய்வு ஒரு நாளை அரைமணிக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடமேனும் நீடித்த செயல்களையே பதிவு செய்கிறது. அடுப்படியில் நிற்கும் தாய் இடையிடையே கூடத்திற்கு வந்து, மகன் பாடம் கேட்கிறானா விளையாடுகிறானா எனப் பார்த்துச் செல்வது ஓரிரு நிமிடச் செயல். கடவுச்சொல்லை மாற்றுவதும், அழும் குழந்தையிடமிருந்து கைபேசியை வாங்கி வைப்பதும் அத்தகையனவே. அந்த அரைமணி 'சமையல்' என்றே பதிவாகும்.

பொறுப்பு யாருடையது?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை வீட்டிற்கு வந்தது. அவ்வாண்டு மத்திய கல்வித் துறை வெளியிட்ட 'பிரக்யதா' நெறிமுறைகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு அமர்வுகளே போதுமென வரையறுத்தன. 2 முதல் 4 வயதினருக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மிகலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. 18 வயதிற்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவையென 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இவை யாவும் தேவையானவை. ஆனால் ஏட்டில் 'பெற்றோர்' எனக் குறிக்கப்படும் பொறுப்பு, நடைமுறையில் பெரும்பாலும் தாயையே சேர்கிறது. அதனால் அவர் இழப்பது ஓய்வையும் ஊதியம் ஈட்டும் வாய்ப்பையுமாகும். குழந்தை வரம்பு மீறினால் பழியும் அவருக்கே.

செய்யத்தக்கவை

குறுகிய நேரக் கண்காணிப்பையும் பதிவு செய்யும் வினாக்கள் ஆய்வில் இடம்பெறலாம். பெற்றோர் கூட்டங்களுக்குத் தந்தையரையும் பள்ளிகள் வரவழைக்கலாம்; வீட்டுப் பாடத்தைக் கைபேசி வழியே அனுப்புவதைக் குறைக்கலாம். விளையாட்டுத் திடலும் நூலகமும் குழந்தைகள் காப்பகமும் அருகில் அமைந்தால், திரையின் தேவையே ஓரளவு குறையும். எண்ணப்படாத உழைப்புக்குத் திட்டத்தில் நிதி ஒதுக்கப்படுவதில்லை. ஆதலால் எண்ணுவதே முதற்படியாகும்.