முதலில் பெட்டி, பிறகு படம்: தொலைக்காட்சித் தொடரை வரைந்து கேலரிக்கு அனுப்புபவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலஸில் 2004-இல் தொடங்கப்பட்ட கேலரி1988, சினிமாவும் தொலைக்காட்சியும் பார்த்து வளர்ந்த ஓவியர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. 2007-இல் ‘க்ரேஸி 4 கல்ட்’ என்ற பெயரில் கல்ட் படங்களுக்கான கூட்டுக் கண்காட்சி நடந்தது. 2009 இறுதியில் ‘லாஸ்ட்’, 2012-இல் ‘ப்ரேக்கிங் பேட்’ என்று தொடர்களுக்கும் நடந்தன. இத்தகைய காட்சிகளில் ஒரு தொடரைத் தலைப்பாக வைத்து, பல ஊர் ஓவியர்களிடம் ஆளுக்கு ஒன்றிரண்டு படைப்புகள் கேட்பார்கள். அழைப்பு மின்னஞ்சலில் வரும், படம் பார்சலில் போகும். விசாவோ விமானச் செலவோ வேண்டாம் என்பதால், சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து வரைபவருக்கும் இது எட்டுகிற வாய்ப்புதான். கையில் திறமை உள்ளவர்கள் இதில் சறுக்குவது பெரும்பாலும் அனுப்பும் இடத்தில். அதனால்தான் பென்சிலை எடுக்கும் முன்பே பெட்டியின் அளவை முடிவு செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. சர்வதேசக் கூரியர்காரர்கள் தராசு காட்டும் எடையோடு நிறுத்துவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுதான் வால்யூமெட்ரிக் எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 60×50×15 செ.மீ. பெட்டி உண்மையில் 3 கிலோ இருந்தாலும் 9 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். 100×80×15 செ.மீ. என்றால் 24 கிலோ. அதே நேரம், சட்டகமில்லாத தாள் ஓவியம் ஒன்றை 45×35×4 செ.மீ. தட்டை அட்டையில் அனுப்பினால் ஒன்றேகால் கிலோவில் முடிந்துவிடும். கேலரிகள் பொதுவாக விற்பனை விலையில் பாதியை எடுத்துக்கொள்ளும். 300 டாலருக்கு விற்கும் படத்தில் உங்களுக்கு வருவது 150. அதற்குள் சட்டகம், பெட்டி, கூரியர் எல்லாம் அடங்க வேண்டும். முதல் காட்சிக்குச் சின்ன அளவே போதும். இங்கிலாந்து ஓவியர் ஆலி மாஸ் 2011-இல் கேலரி1988-இல் ‘பேப்பர் கட்ஸ்’ என்ற தனிக்காட்சி வைத்தார். பிரபலமான கதாபாத்திரங்களைக் கறுப்புத் தாளில் பக்கவாட்டு நிழலுருவமாகச் சிறியதாக வெட்டி மாட்டியிருந்தார். சின்ன அளவை யாரும் குறையாக எண்ணவில்லை. அதைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்தது, எதை வரைவது? நாயகனின் முகத்தை அப்படியே வரையாதீர்கள். ஒரே தொடருக்காகப் பலர் வரையும்போது பாதிப்பேர் அந்த முகத்தைத்தான் கொண்டுவருவார்கள், உங்கள் படம் கூட்டத்தில் கரைந்துபோகும். அதைவிட, தொடரின் இதயம் எந்தப் பொருளில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ‘ப்ரேக்கிங் பேட்’ இரண்டாம் சீசனில் சில அத்தியாயங்கள் கறுப்பு-வெள்ளைக் காட்சியோடு தொடங்கும். நாயகன் வால்ட்டர் வைட்டின் வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு பொம்மைக் கரடி மிதக்கும். ஒரு பக்கம் கருகியிருக்கும், ஒரு கண் பெயர்ந்திருக்கும். அந்தக் காட்சியில் நிறம் அந்தக் கரடிக்கு மட்டும்தான். இளஞ்சிவப்பு. ஒரு மனிதன் செய்த தீமை எங்கெங்கே போய் விழும் என்ற கதை முழுவதும் அந்த ஒற்றை நிறத்தில் இருக்கிறது. தொடரைப் பார்த்தவர் அந்தக் கரடியின் கண்ணை மட்டும் கண்டாலே நின்றுவிடுவார். பார்க்காதவருக்கும் அது நல்ல ஓவியமாக நிற்கும். இந்த இரண்டாவது சோதனை மிக முக்கியம். தொடர் முடிந்து பத்து வருடம் ஆனபின்னும் சுவரில் இருக்க வேண்டிய படம் அது. கருவைத் தேர்ந்ததும் தொடரை மறுபடி ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுங்கள். நினைவிலிருந்து வரைந்தால் சட்டைப் பொத்தானின் நிறம் மாறும், ரசிகர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

முகத்தைத் தவிர்ப்பதில் சட்டக் காரணமும் உண்டு. ‘த்ரீ ஸ்டூஜஸ்’ நகைச்சுவைக் குழுவினரைக் கரித்துண்டால் தத்ரூபமாக வரைந்து, அதை அச்சுப் பிரதிகளாகவும் டி-ஷர்ட்டுகளாகவும் விற்ற ஓவியர் ஒருவருக்கு எதிராக 2001-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாயலை அப்படியே நகலெடுத்தால் போதாது, ஓவியர் தன்னுடையதாகக் கணிசமாக எதையாவது சேர்த்து அதை உருமாற்றியிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ‘சைன்ஃபெல்ட்’ தொடரை வைத்து 643 கேள்விகளோடு வந்த வினாவிடைப் புத்தகமும் 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதிப்புரிமை மீறல் என்றே முடிவானது. ரசிகர் அன்பு என்பது சட்டத்தில் தற்காப்பு ஆகாது. எனவே அழைப்பு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்புதலோடு நடக்கும் காட்சியா, ரசிகர்களின் மரியாதைக் காட்சியா? ‘லாஸ்ட்’ காட்சிக்கான சுவரொட்டிகள் ஏபிசி தொலைக்காட்சியின் அதிகாரபூர்வத் திட்டமாகவே வந்தன. அப்படி என்றால் ஒப்பந்தத்தில் உங்கள் படத்தின் உரிமை யாருக்கு, பிரதி அச்சிட்டு விற்கலாமா என்பதை வரிவரியாகப் படியுங்கள். ஒப்புதல் இல்லாத காட்சி என்றால் மூல ஓவியத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தொடரின் லோகோவையும் தலைப்பின் எழுத்துருவையும் படத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடம்: பேக்கிங். அக்ரிலிக் வண்ணம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் சூட்டில் மறுபடி இளகும். சித்திரை வெயிலில் குடோனில் கிடக்கும் பெட்டிக்குள் அதன்மேல் பபிள் ரேப் நேராகப் பட்டால், குமிழ் குமிழாக வட்டத் தடங்கள் பதிந்துவிடும். அவற்றை எடுக்கவே முடியாது. ஆகவே வண்ணத்தின்மேல் முதலில் வழவழப்பான கிளாசின் தாள், அதன் பிறகே மற்றதெல்லாம். எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்கள் காயும் மாதங்களையும் சேர்த்தே தேதி குறிக்க வேண்டும். குறுகிய கெடு என்றால் எண்ணெயைத் தொடாதீர்கள்.

சட்டகத்துக்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்தால் பெட்டிக்குள்ளேயே ஓவியத்தைக் கிழிக்கும். பின்பக்கம் இரண்டு டி-ரிங், நடுவே கம்பி. படத்தின் பின்னால் ஒட்டும் சீட்டில் தலைப்பு, உங்கள் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, விலை. முப்பது படங்கள் ஒரே நாளில் வந்து இறங்கும் கேலரியில் சீட்டில்லாத படம் அனாதையாகிவிடும்.

நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு மாட்டி, முழுவதையும் பாலித்தீன் தாளில் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஈரம் இங்கேயும் உண்டு, விமான நிலையக் கொட்டகையிலும் உண்டு. முன்னும் பின்னும் விறைப்பான ஃபோம் போர்டு வைத்து உள்பெட்டியில் இறக்கி, அதை ஐந்து அடுக்கு அட்டையாலான வெளிப்பெட்டிக்குள் வையுங்கள். எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு ஃபோமால் நிரப்புங்கள். மூடிய பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள், சேதம் ஏற்பட்டால் அவைதான் சான்று. பெரும்பாலான கூரியர்கள் ஓவியத்துக்குத் தரும் இழப்பீட்டுக்குக் குறைவான மேல்வரம்பு வைத்திருக்கின்றன. பூரா விலைக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

மரப்பெட்டி செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. திட மரப் பலகைக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை கட்டாயம். மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்படுவது போன்ற பதப்படுத்தல் நடந்தது என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடலாம். ப்ளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆணி அடிக்காமல் திருகு போடுங்கள், அங்கே பிரிப்பவர் அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

காகித வேலைக்கு வருவோம். கையால் வரைந்த ஓவியத்தின் சுங்கக் குறியீடு 9701. கையால் உருவாக்கிய தகட்டிலிருந்தோ கல்லிலிருந்தோ எடுத்த மூல அச்சுப்படம் 9702. இங்க்ஜெட் பிரிண்ட் இவை இரண்டிலும் வராது, 4911-இல் வரும். இன்வாய்ஸில் ‘பரிசு’ என்றோ ‘சாம்பிள்’ என்றோ எழுதாதீர்கள். விற்பனைக்குப் போகும் படம் என்றே எழுதுங்கள், உண்மையான மதிப்பையும் போடுங்கள். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா அளித்துவந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் நின்றுவிட்டது, எனவே சின்னப் பார்சலும் முறையான சுங்கக் கணக்குக்குள் வருகிறது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அனுப்பும் வாரத்தில் கூரியரிடம் நேரில் விசாரியுங்கள். வரி ஏதாவது வந்தால் கட்டுவது யார் என்பதையும் பதிவு செய்யும்போதே குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் பில் கேலரிக்குப் போகும், அவர்கள் பெட்டியை வாங்க மறுத்தால் கேட்க முடியாது.

இந்தியாவிலிருந்து விற்பனைக்காக அனுப்ப ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு) எண் வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வராமலிருக்க, படம் வரைந்த ஆண்டு, ஊடகம், அளவோடு ‘இது என் கையால் வரைந்தது’ என்று கையெழுத்திட்ட கடிதமும் ஒரு புகைப்படமும் பெட்டியின் மேல் உறையில் வையுங்கள்.

சட்டகத்தில் போடும் முன்பே படத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள். விளம்பரத்துக்குக் கேலரி முதலில் கேட்பது அதைத்தான். அவர்கள் சொல்லும் நாள்வரை சமூக ஊடகத்தில் வெளியிட வேண்டாம்.

விற்காத படத்தைத் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் ஓவியர் தலையில்தான் விழும். காட்சி முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், இணையத்தில் தொடர்ந்து விற்பார்களா, விற்ற பணம் எப்போது வரும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் காகிதங்களின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். படம் திரும்பி வரும்போது, போன படம்தான் இது என்று இங்குள்ள சுங்கத்தில் காட்ட அவை தேவைப்படும்.