ஊசி பட்டால் பரவுமா?

கேள்வி: எனக்கு வயது 46. மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4ஏ' என்று போட்டு, பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார்கள். நான்காம் கட்டப் புற்றுநோயா? ஊசி பட்டால் பரவிவிடும் என்கிறார் மாமியார். தூக்கமே வரவில்லை.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 4 நோயின் கட்டம் அல்ல, சகோதரி. படத்தில் தெரிவது எந்த அளவுக்குச் சந்தேகத்துக்குரியது என்று ரேடியாலஜிஸ்ட் குறிக்கும் எண். 0 முதல் 6 வரை உண்டு. 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல், 10 சதவீதம் வரை. பெரும்பாலோருக்கு ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதாரணக் கட்டியாகவே முடிகிறது. ஆனாலும் படத்தை வைத்து உறுதிசொல்ல முடியாது, திசுவைப் பார்த்தாக வேண்டும்.

ஊசி குத்துவதால் புற்றுநோய் உடம்பெங்கும் பரவுவதில்லை. இந்த நம்பிக்கையால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு வருகிற பெண்களை நினைத்தால் மனசு பதறுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே சிறு துணுக்குகள் எடுப்பார்கள். எடுக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்கும், திடுக்கிடாதீர்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சில நாள் கன்றிப்போய் வலிக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உண்மையான வேதனை, முடிவு வரும்வரை காத்திருப்பதுதான். என்றைக்கு வரும், யார் விளக்குவார்கள் என்று அன்றே கேட்டுவிடுங்கள். வந்ததும், 'படத்தில் கண்டதோடு இது ஒத்துப்போகிறதா?' என்றும் கேளுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவர் பயமும் தெளியும். தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.