பட்டத்தின் பெயரா, பாடமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகனுக்கு இயற்பியல் ஆசை. உறவினர்களோ டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– ஒரு வாசகி, ராயப்பேட்டை

பதில்: இயற்பியலிலேயே சேருங்கள். இயற்பியலும் கணக்கும் படித்தவன் பிறகு டேட்டா சயின்ஸுக்குத் தாவலாம். மறுதிசையில் வருவது சிரமம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க எழுதும் ஜாம் தேர்வில் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் தனித் தாள் உண்டு, டேட்டா சயின்ஸுக்கு இல்லை. 'சம்பளம்?' என்பீர்கள். நியாயம்தான். வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இயற்பியல் பெரிதாகச் சோறு போடாது, எம்.எஸ்சி. வரை செலவுக்கு வழியிருக்கிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

பக்கத்துச் சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் விரும்பியது கணிதம், மகனை ஐ.சி.எஸ். அதிகாரியாக்கும் கனவிலிருந்த அப்பா சொன்னது இயற்பியல். இயற்பியலில் சேர்ந்துகொண்டு, கணித வகுப்பிலும் போய் உட்கார்ந்தார். 1983இல் நோபல் பரிசு. எல்லோரும் சந்திரசேகரா என்று கேட்காதீர்கள். நான் காட்டுவது பரிசை அல்ல, அந்த இரண்டாவது வகுப்பறையை. உங்கள் மகனும் புள்ளியியலையும் பைத்தானையும் கூடவே படிக்கட்டும்.

உங்கள் ராயப்பேட்டை நியூ காலேஜோ மாநிலக் கல்லூரியோ, மூன்றாம் வருஷப் பாடத்திட்டத்தை அவன் கையில் கொடுங்கள். குவாண்டம் மெக்கானிக்ஸ் பக்கத்தில் நிற்கிறானா, புரட்டிவிடுகிறானா, பாருங்கள்.