இரு தட்டுகளும் ஒரு லினக்ஸும்

இரவும் பகலும் அணையாது ஓடிப் பலருக்கும் பணிபுரியும் கணினியைச் சர்வர் என்கிறோம். அதன் வன்தட்டு கெட்டால் வேறொன்று வாங்கிவிடலாம்; அதிலிருந்த மதிப்பெண் பட்டியலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே ஒரே செய்தியை ஒரே வேளையில் இரண்டு தட்டுகளில் எழுதும் முறை வழக்கிற்கு வந்தது. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம் எனலாம். 1988-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் தட்டு அணிகளுக்கு 'ரெய்டு' எனப் பெயரிட்டு வகைப்படுத்தினர். அவற்றுள் இது 'ரெய்டு 1'. 4 டெராபைட் தட்டுகள் இரண்டு வாங்கினாலும் நமக்குக் கிடைக்கும் இடம் 4 டெராபைட்டே.

இவ்வேலையைத் தனி அட்டை ஒன்றும் செய்யும். லினக்ஸின் கெர்னலும் செய்யும். அட்டை கெட்டால் பெரும்பாலும் அதே இனத்து அட்டையைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸ் அமைத்த இணையை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டியும் படிக்கலாம். கையில் காசு குறைந்த இடங்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

டெபியன் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். நிறுவும்போது இரு தட்டுகளையும் ஒரே அளவாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 512 மெகாபைட் இஎஃப்ஐ பிரிவுக்கு, எஞ்சியது ரெய்டுக்கு. பெரிய பிரிவுகள் இரண்டையும் இணைத்தால் 'எம்டி0' என்னும் ஒற்றைத் தட்டாகத் தோன்றும். அதன்மேல் லினக்ஸை நிறுவலாம்.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். கணினி விழிக்கும் கணத்தில் லினக்ஸ் இன்னும் எழவில்லை. இணை என ஒன்று இருப்பதே தாய்ப்பலகைக்குத் தெரியாது. அது ஏதேனும் ஒரு தட்டின் இஎஃப்ஐ பிரிவைத் தேடி, அங்குள்ள 'க்ரப்' என்னும் ஏற்றியை எழுப்பும். நிறுவும் நிரலோ ஏற்றியை ஒரு தட்டில் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும். அந்தத் தட்டே கெட்டுவிட்டால்? செய்தி முழுவதும் மற்றதில் பத்திரமாக இருக்கும். ஆனால் கணினி எழாது! எனவே இரண்டாம் தட்டின் இஎஃப்ஐ பிரிவிலும் அக்கோப்புகளைப் படியெடுத்து, துவக்கப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டும். க்ரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்தப் படியையும் புதுப்பித்தல் வேண்டும்.

பின்னர் கணினியை அணைத்து, முதல் தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். இச்சோதனை செய்யாத இணையை நான் இணையென்று ஒப்பமாட்டேன்.

கெட்ட தட்டுக்குப் பதில் புதியதை மாட்டி, 'எம்டிஏடிஎம்' கட்டளையால் சேர்த்தால் படியெடுப்புத் தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைட் வீதம் 4 டெராபைட்டுக்கு 7 மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவரை ஒற்றைத் தட்டே கதி. ஒரே தொகுதியில் செய்த தட்டுகள் அடுத்தடுத்துக் கெடவும் கூடுமாதலால், வெவ்வேறு தொகுதிகளில் வாங்குதல் நலம்.

இணையைக் காப்புப் பிரதி என்று எண்ணலாகாது. ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரம் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதன் படி மாமா வீட்டில். பள்ளிக்கூடம் காணாத என் தந்தை செய்த ஏற்பாடு அது. சர்வருக்கும் வேறொரு கட்டடத்தில் ஒரு படி வேண்டும்.

இன்னொன்று. ஒரு தட்டு கெட்டபின்னும் கணினி எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். ஆதலால் 'எம்டிஏடிஎம்' அமைப்புக் கோப்பில் பொறுப்பாளரின் மின்னஞ்சல் முகவரியை எழுதி, சோதனை மடல் ஒன்று உண்மையில் வந்து சேருகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்.